நிலம் கொடுத்த அரசனும் உறவு மறுத்த அப்பாவும்

1

இத்தாலியின் பலெர்மோவுக்கு நான் வந்து இந்த மாதத்தோடு ஆறு வருடங்கள் முடிகின்றன. இப்படித் தொடங்கும் கடிதங்களில் அடுத்து வரவேண்டியது நன்றி என்பது எனக்குத் தெரியும். வேலை, கூரை, ஞாயிறு பூசை, நலம் கேட்கும் அயல் எல்லாம் இங்கே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குறிப்புகளை நான் கோபத்தில் எழுதுகிறேன். மன்னாரில் இருந்து இதைப் படிப்பவர்கள் அதை முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது.

கோபத்தின் காரணம் வெளியில் இருந்து வரவில்லை. எட்டு வயதுத் தங்கையின் வீட்டுப்பாடமாக வந்தது.

நாங்கள் நால்வர். பல்லரோச் சந்தைக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளில் இருக்கிறோம். அப்பா ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவுக் கடையின் சமையலறையில் மீன் துப்புரவு செய்கிறார். அம்மா ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய எசமானியின், வீட்டில் சமைத்துத் துடைக்கிறார். நான் இலக்கியம் படிக்கிறேன். தங்கை லூசியா இங்கேயே பிறந்தவள். அவளுடைய தமிழில் பாதி பலெர்மோ.

அவளுடைய மயெஸ்த்ரா, அதாவது ஆசிரியை, கொடுத்த பாடம் இது: ‘என் குடும்பப்பெயர் எங்கிருந்து வந்தது?’ வகுப்பில் ஒருவனுடைய பாட்டனின் பாட்டன் கொல்லன். பெயர் அந்தத் தொழிலில் இருந்து வந்தது. இன்னொருத்தியின் முன்னோர் மெசீனா நகரத்தார். ஒவ்வொருவரிடமும் சொல்வதற்கு ஒரு பதில் இருந்தது. லூசியாவிடம் இருந்தது ஒரு கேள்வி.

“அக்கா, சூசைப்பிள்ளை எண்டா என்ன? அது ஊரோ, வேலையோ?”

அது அப்பாவின் அப்பா. கொப்பரை காயவைத்தும் வலை பின்னியும் வாழ்ந்து, இத்தாலி என்ற ஒன்றைப் பற்றி எண்ணாமலே இறந்த ஒரு மனிதர். நம் வழக்கத்தில் அப்பாவின் பெயர் முன்னால் வரும், நம் பெயர் பின்னால் வரும் என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. இங்கே விளக்கித்தான் ஆகவேண்டும்; விளக்கியும் பயனில்லை. அப்பாவின் கடவுச்சீட்டில் சூசைப்பிள்ளை மரியாம்பிள்ளை என்றிருந்தது. முன்னால் நின்ற பெயரை இவர்கள் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். குடும்பப்பெயர் பிள்ளைகளுக்கு இறங்க வேண்டியது. ஆகவே இங்கு பிறந்த தங்கை சூசைப்பிள்ளை லூசியா ஆனாள். மன்னாரில் பிறந்த நான் மரியாம்பிள்ளை ஜெசிந்தா. வாய்மொழித் தேர்வுக்குப் பேராசிரியர் ‘மரியாம்பிள்ளை’ என்று அழைக்கும்போது அழைக்கப்படுவது அப்பா. எழுந்துபோய் முன்னால் அமர்வது நான்.

தங்கையின் பெயரை நம் முறைப்படி வாசித்தால் அவள் சூசைப்பிள்ளையின் மகள். அப்பாவின் தங்கை. எனக்கு மாமி. கீழ்வீட்டில் இருக்கும் நெடுந்தீவு எமில்டா அக்கா இதைக் கண்டுபிடித்த நாளில் இருந்து படியில் லூசியாவைக் காணும்போதெல்லாம் விடுவதில்லை.

“என்ன மாமி, இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ? மருமேள் தலை இழுத்துவிடேல்லைப் போலை கிடக்கு.”

நாங்களும் சிரித்திருக்கிறோம். அப்பாதான் அதிகம் சிரிப்பவர்.

2

அந்த வாரம் நான் பழைய சீன வரலாற்றுத் தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். விருப்பப் பாடமாக அதை எடுத்ததற்கு உயர்ந்த காரணம் ஒன்றும் இல்லை. அந்த வகுப்பில் மட்டும் நான் எந்த நாட்டவள் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே எல்லோருக்கும் எல்லாமே அந்நியம்.

தங்கையின் கேள்விக்கு என் பாடக்குறிப்பில் இருந்தே ஒரு கதையைச் சொன்னேன். அம்மா குசினி மேசையில் கணவாய் மீன் துப்புரவு செய்துகொண்டிருந்தார். ஜோ வம்சத்தில் சிறுவயதிலேயே அரசனான ஒருவன் இருந்தான். தம்பி யூவோடு விளையாடும்போது ஒரு மரத்து இலையைக் கிள்ளி, அரசர்கள் நிலம் வழங்கும்போது கையளிக்கும் பச்சைக்கல் பலகையின் வடிவத்தில் அதை வெட்டி, இதைக் கொண்டு உனக்கு நாடு தருகிறேன் என்றான். அருகில் நின்ற அமைச்சர் உடனே நல்ல நாள் குறிக்கலாமா என்று கேட்டார். விளையாட்டுக்குச் சொன்னேன் என்றான் அரசன். ஆள்பவன் வாயில் விளையாட்டுச் சொல் கிடையாது, சொன்னது எழுதப்பட்டுவிட்டது என்றார் அமைச்சர். தம்பிக்கு தாங் என்ற நாடு கிடைத்தது. அவன் வழிவந்தவர்களில் சிலர் அந்த நிலத்தின் பெயரையே குடும்பப்பெயராக வைத்துக்கொண்டார்கள். பின்னர் கிளைகளுக்குச் சிற்றூர்கள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அந்த ஊர்களின் பெயர்களில் இருந்து ஹான் என்றும் யாங் என்றும் வேறு குடும்பங்கள் தோன்றின. இன்றும் அந்தப் பெயர்களோடு மனிதர்கள் பேருந்து ஏறுகிறார்கள்.

“அவர் சும்மாதானே சொன்னவர்?” என்றாள் லூசியா.

“சும்மாதான். ஆனா ராசா சொன்னது. மாத்தேலாது.”

“அப்ப எங்கடை ராசா ஆர்?”

குவெஸ்தூராவில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவர் என்று அம்மா கணவாயில் இருந்து தலையெடுக்காமலே சொன்னார். குவெஸ்தூரா என்பது வதிவிட அனுமதி வழங்கும் காவல் அலுவலகம். அதன் வரிசையில் நிற்காத தமிழர் இந்த நகரத்தில் இல்லை.

தங்கைக்கு நான் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. தம்பி யூவுக்குக் கொடுக்கப்பட்ட தாங் வெறும் நிலம் அல்ல. அங்கே முன்பே ஆட்கள் இருந்தார்கள். அவர்களுடைய கிளர்ச்சி அடக்கப்பட்டு, அவர்கள் வேறிடத்துக்குக் கொண்டுபோய்க் குடியேற்றப்பட்டார்கள். போனவர்களும் தாங் என்ற பெயரைக் கூடவே கொண்டுபோனார்கள் என்று சொல்லப்படுகிறது. ஆகவே ஒரே குடும்பப்பெயர் நிலத்தைப் பெற்றவனிடம் இருந்தும் வந்திருக்கலாம். நிலத்தை இழந்தவனிடம் இருந்தும் வந்திருக்கலாம். பெயரைப் பார்த்து எவன் எது என்று சொல்ல முடியாது. இதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டபோது என் பேனா தாளைக் கிழித்தது.

இன்னொன்றும் இருக்கிறது. நிலத்தால் வந்த பெயர்கள் ஆண்களுடையவை. அவற்றுக்கும் முந்திய குலப்பெயர்கள் வேறு. அவற்றில் பலவற்றின் எழுத்துக்குள் பெண்ணைக் குறிக்கும் குறி இன்னமும் இருக்கிறது. தாய்வழி எண்ணிய காலத்தின் எச்சம் அது என்று சிலர் கருதுகிறார்கள். ஆனால் அதே பழைய ஏடுகளில் வரும் பெண்களுக்கு அநேகமாகச் சொந்தப் பெயர் இல்லை. எந்தக் குலத்தில் பிறந்தாள், எந்த நாட்டுக்கு மனைவியாகப் போனாள் என்பவை மட்டும் உண்டு. அவளை யாருடைய என்ன என்று எழுதுவது எழுதுகிறவனின் விருப்பம்.

தேர்வில் இதைச் சொல்லி முழு மதிப்பெண் வாங்கினேன். அப்போது அது எனக்கு வெறும் பாடம்.

3

ஆசிரியை இரண்டாம் பகுதியாக, குடும்பச் சான்றிதழைப் பார்த்து வீட்டிலுள்ளவர்களின் பெயரையும் உறவையும் எழுதிவரச் சொல்லியிருந்தார். குடும்பச் சான்றிதழ் நகராட்சியின் பதிவு அலுவலகம் கொடுப்பது. ஒரே கூரையின் கீழ் யார் யார், ஒருவருக்கு ஒருவர் என்ன முறை என்று சொல்வது. எங்கள் வீட்டில் பத்திரங்கள் எல்லாம் அலுமாரிக்கு மேலே ஒரு பச்சைப் பிளாஸ்டிக் கோப்பில் இருக்கும். அதை அப்பாதான் எடுப்பார், அப்பாதான் வைப்பார். அன்று லூசியா கதிரை வைத்து ஏறி எடுத்துவிட்டாள்.

எழுத்துப்பிழை பார்த்துத் தருமாறு கொப்பியை என்னிடம் நீட்டினாள். அப்பா, அம்மா, லூசியா என்று மூன்று வரிகள். நான்காம் வரியில், அவளுடைய உருண்டையான எழுத்தில், ‘ஜெசிந்தா: எங்களோடு வசிக்கிறாள், உறவில்லை’ என்று இத்தாலிய மொழியில் இருந்தது.

யார் இப்படி எழுதச் சொன்னது என்று கேட்டேன்.

“மயெஸ்த்ரா கடதாசியிலை இருக்கிற மாதிரியே எழுதட்டாம். இஞ்சை பாருங்கோ அக்கா, அப்பிடித்தான் கிடக்குது.”

அக்கா என்று அழைத்தபடியே அதைக் காட்டினாள். அப்படித்தான் கிடந்தது.

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும். நான் பதினாறு வயதில், ரோமுக்கு வந்த ஒரு யாத்திரைக் குழுவோடு வந்தேன். குழு திரும்பியது, நான் திரும்பவில்லை. இரண்டு வருடங்கள் பத்திரம் இல்லாமல் பள்ளிக்கூடம் போனேன். பின்னர் அரசாங்கம் பத்திரமில்லாதவர்களைப் பதிய அழைத்தபோது, அம்மாவின் சிஞ்ஞோரா என்னைத் தன் வீட்டு வேலைக்காரியாகப் பதிந்தார். அதனால் என் வதிவிட அனுமதியில் தொழில் வீட்டுவேலை என்று இருக்கிறது. கிழமையில் இரண்டு காலை அங்கே துணி அழுத்துகிறேன். ஆகவே முழுப் பொய்யும் இல்லை. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. பலெர்மோவில் பாதிப் பேரின் கதை. ஆனால் அதன் பிறகு முகவரி பதிய அப்பா தனியே போன நாளில், எங்கள் பெயர்கள் பொருந்தாததைக் கண்ட அலுவலர், இந்தப் பெண் உங்களுக்கு என்ன முறை என்று கேட்டிருக்கிறார். ஒருவரும் இல்லை, வாடகைக்கு எங்களோடு இருக்கிறாள் என்று அப்பா கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார். இதை அன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. பல்கலைக்கழகம் கேட்டவை என் அனுமதிப் பத்திரமும் பள்ளிச் சான்றிதழும் மட்டுமே. எனவே நான்கு வருடங்கள் என் வீட்டில் நான் குடிக்கூலிக்காரியாக வாழ்ந்ததை அறியாமலே வாழ்ந்தேன்.

கோப்பை மேலும் கிளறினேன். தங்கையின் தடுப்பூசி அட்டைக்குக் கீழே என் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. இத்தாலிய மொழிபெயர்ப்பும், அதன் மேல் முத்திரையும். தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த இடம், எல்லாம் அதில் ஒழுங்காக இருந்தன. முத்திரையின் தேதி இரண்டு வருடங்களுக்கு முந்தியது.

அந்தச் சான்றிதழை எடுக்க மன்னாரில் இருந்து சின்னம்மா இராணுவத்திடம் பாஸ் எடுத்து, வவுனியாவில் நாட்கணக்காகக் காத்திருந்து, கொழும்பு போனார். எனக்கு அதைக் கடிதத்தில் எழுதியிருந்தார். கிடைத்ததா என்று நான் கேட்டபோது, இல்லைப் பிள்ளை, தபாலிலை துலைஞ்சிருக்கும் என்று அப்பா சொன்னார்.

இது நடந்தது பெப்ரவரியில். சிஞ்ஞோரா சித்திரையில் வீட்டைப் பூட்டிவிட்டு மிலானில் மகளிடம் போகிறார். அதன்பின் என் அனுமதிக்கு எசமானி இல்லை. தொழிற்சங்க அலுவலகத்தில் எங்களுக்கு உதவும் பெண்மணி முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தார்: சிறுமியாக வந்த மகள் என்று நிறுவினால் அனுமதியைக் குடும்பக் காரணத்துக்கு மாற்ற வழியுண்டு, இல்லையென்றால் இன்னொரு எசமானி வேண்டும், அல்லது நாட்டைவிட்டுப் போகவேண்டும். நான் பிறப்புச் சான்றிதழ் துலைந்துவிட்டது என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அப்பா பக்கத்தில் இருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு இருந்தார்.

4

திங்கட்கிழமை அப்பாவின் கடைக்கு விடுமுறை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு பத்திரங்களையும் அவருக்கு முன்னால் வைத்தேன். குரல் உயர்த்தவில்லை. எனக்கு உயர்த்த வராது. அது என் குறை.

அவர் முதலில் பத்திரங்களைப் பார்க்கவில்லை. கோப்பை ஆர் எடுத்தது என்று கேட்டார். பிறகு அது அந்த நேரத்தில் வசதிக்குச் சொன்னது என்றார். அலுவலர் அவசரப்படுத்தினார், பின்னால் வரிசை நின்றது, மொழி போதவில்லை, மகள் என்று சொன்னால் பெயர் ஏன் வேறு, எப்படி வந்தாள், எப்போது வந்தாள் என்று கேள்வி வளரும்.

“அது ஒரு கடதாசி, பிள்ளை. அதிலை என்ன கிடந்தாலும் நீ என்ரை பிள்ளைதானே.”

“அப்ப கடதாசியிலையும் அதை எழுதுங்கோவன், அப்பா.”

ஒரு பத்திரத்தைத் திருத்தப் போனால் எல்லாப் பத்திரங்களையும் விரித்துப் பார்ப்பார்கள் என்றார். பொய் சொல்லிக் கையெழுத்து வைத்தது குற்றம். அவருடைய அனுமதி போனால் அம்மாவுடையதும் லூசியாவுடையதும் போகும். பத்திரம் திருத்தப் போய்த் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றார். வந்த முதல் வருடங்களில், காவலர் வந்தால் ஓடுவதற்காகச் சப்பாத்தைக் கழற்றாமல் படுத்ததைச் சொன்னார். அவர் பயப்படுவது பொய்யல்ல. அதை நான் அறிவேன். அறிந்தும் என் கோபம் குறையவில்லை. பயத்துக்கு எதைக் கொடுப்பது என்று அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். கைக்கு எட்டியது நான்.

வேறொரு சிஞ்ஞோராவைப் பார்ப்போம், எமில்டா வேலை செய்யும் இடத்தில் கேட்கலாம் என்றார்.

“நான் சிஞ்ஞோரா தேடேல்லை.”

அவர் எழுந்து யன்னலடிக்குப் போனார். துலைந்துவிட்டது என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அதுவரை தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா தண்ணீரை நிறுத்தினார்.

“சின்னவளின்ரை கொப்பியை நாளைக்கு மயெஸ்த்ரா பாப்பா. உறவில்லை எண்டு வாசிச்சிட்டு ஆரிவள் எண்டு கேப்பா. இந்தப் பிள்ளை என்ன சொல்லும்? அதைச் சொல்லித் தாங்கோ. நான் சொல்லிக் குடுக்கிறன்.”

அப்பா யன்னலடியில் இருந்து வந்து இரண்டு பத்திரங்களையும் கையில் எடுத்தார்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிற தகப்பன்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெயரை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்பது என் வழக்கு அல்ல. நம் வழக்கம் எனக்குப் பிடித்ததுதான். ஒவ்வொரு தலைமுறையும் ஒரே ஒரு மனிதனை மட்டும் கூடக் கொண்டுபோகிறது, அதற்குமேல் சுமப்பதில்லை. அதைப் புரிந்துகொள்ளாத அலுவலகத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அலுவலகம் என்னை அந்நியப் பெண் என்று எழுதவில்லை. அது கேட்டது. பதில் சொன்னது நம்மவர். என் பெயருக்கு முன்னால் தன் பெயரை நிறுத்திவைத்த மனிதர், அந்தப் பெயரைக் காட்டி, இவளை எனக்குத் தெரியும், உறவில்லை என்றார்.

5

செவ்வாய் காலை அப்பா எழுந்து முகம் வழித்து, லூசியா தேவாலயத்தில் முதல் நன்மை பெறும் நாளுக்கென்று வாங்கிய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். நான் பத்திரங்களை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். வியா மக்வேதா வீதியில் கடைகள் திறந்துகொண்டிருந்தன. அவர் என்னைவிட நாலடி முன்னால் நடந்தார். எப்போதும் அப்படித்தான்.

பதிவு அலுவலகத்தில் எங்கள் இலக்கம் வருவதற்குள் அவர் மூன்று தடவை கழிப்பறைக்குப் போய்வந்தார். அலுவலர் என் வயதுக்குக் கொஞ்சம் கூடிய இளைஞர். பொறுமையானவர் என்றுதான் சொல்லவேண்டும். பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பை வாசித்தார், பழைய பதிவைத் தேடி எடுத்தார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே வீட்டுக்குள் ஏன் இத்தனை குடும்பப்பெயர்கள் என்று கேட்டார். நான் நம் வழக்கத்தை விளக்கினேன். ஒரு தாளில் பாட்டனார், தகப்பன், பிள்ளைகள் என்று வரைந்தும் காட்டினேன். புரிந்தது என்றார். ஆச்சரியமாக, உண்மையிலேயே அவருக்குப் புரிந்திருந்தது. நான்கு வருடங்களுக்கு முன் அந்த ஐந்து நிமிடங்களை யாராவது செலவழித்திருக்கலாம்.

பிறகு பழைய பதிவின் அடியில் இருந்த கையெழுத்தைக் காட்டி, அப்படியானால் இதில் ஏன் உறவில்லை என்று இருக்கிறது என்று கேட்டார். அதைத் தமிழில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா தரையைப் பார்த்தபடி, அப்ப பயந்துபோய்ச் சொன்னது எண்டு சொல்லு பிள்ளை என்றார்.

நான் வாய் திறந்தேன். அலுவலர் கையை உயர்த்தினார். இது உங்களைப் பற்றிய விஷயம், சிஞ்ஞோரினா. நீங்கள் மொழிபெயர்க்க முடியாது. அவரே சொல்லட்டும்.

மொழிபெயர்த்து அப்பாவைச் சிக்கலில் இருந்து வெளியே எடுப்பது எனக்கு ஆறு வருடப் பழக்கம். மருத்துவரிடம், வீட்டுக்காரரிடம், தங்கையின் ஆசிரியையிடம், அவர் சொல்லும் இரண்டு சொல்லை நான் ஒழுங்கான வாக்கியமாக்கிக் கொடுத்திருக்கிறேன். அன்று கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். உதவ வேண்டும் என்று தோன்றியது என்று எழுதினால் அழகாக இருக்கும். தோன்றவில்லை.

அப்பாவிடம் இருந்தது சமையலறையில் பொறுக்கிய இத்தாலியம். அதில் மீன்களின் பெயர் இருக்கிறது, கத்திகளின் பெயர் இருக்கிறது, கெதியாக, கவனம், சூடு என்பவை இருக்கின்றன. அவர் நெடுநேரம் தேடினார். பின்னால் நின்ற ஒருத்தி பெருமூச்சு விட்டாள். அப்பா அலுவலருக்கு முன்னால் இருந்த தடுப்புக் கண்ணாடியில் இரண்டு கைகளையும் ஊன்றினார்.

“ஃபீலியா,” என்றார். மகள். “மீயா.” என்னுடைய. பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, “இயோ புஜீயா.” நான் பொய்.

பொய் சொன்னேன் என்று சொல்ல அவருக்கு வினைச்சொல் தெரியவில்லை.

அலுவலர் உடனே எழுதவில்லை. பழைய கூற்றைப் பற்றி மேலிடத்துக்கு அறிவிக்கவேண்டி வரும், கூப்பிட்டால் வரவேண்டும் என்று என்னிடம் சொன்னார். அதை மொழிபெயர்க்க மட்டும் எனக்கு அனுமதி இருந்தது. அப்பா தலையாட்டினார். அவருடைய கோட்டின் கழுத்து நனைந்திருந்தது. பிறகு அலுவலர் புதிய படிவத்தை எடுத்து, உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதி, அப்பாவிடம் பேனாவைக் கொடுத்தார். அப்பா எழுத்து எழுத்தாகத் தன் அப்பாவின் பெயரையும் தன் பெயரையும் எழுதினார். சான்றிதழ் ஒரு மாதத்தில் வரும். அது சித்திரைக்கு முன் வருமா, குவெஸ்தூரா அதை ஏற்குமா, அப்பாவைக் கூப்பிடுவார்களா, இந்த வரியை எழுதும்போதும் எனக்குத் தெரியாது.

வெளியே வந்து பேருந்துத் தரிப்பில் நின்றோம். அவர் வேலைக்குப் பிந்தியிருந்தார். வீதியைப் பார்த்தபடி கேட்டார்.

“இன்னும் கோவமோ?”

“ஓம், அப்பா.”

பேருந்து வந்தது. இருக்கைகள் வெறுமையாக இருந்தன. இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனோம்.